ஐம்பதுக்கு ஐம்பது

உட்காருங்க அண்ணாச்சி, அந்த ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. டோக்கன் என்ன, ஒண்ணா? டாக்டர் இப்ப வந்துருவான். மாடியில குளிச்சிட்டு இருக்கான். டாக்டர்னா என் பிள்ளைதான், கோமதிநாயகம். வாசல்ல போர்டு பாத்தீங்கள்லா, அதுல எழுத்தெல்லாம் நான் பக்கத்துல நின்னு எழுத வச்சது. நான் ரிட்டயர்டு வாத்தியார், கெமிஸ்ட்ரி. இப்ப இங்கன உட்கார்ந்து டோக்கன் குடுக்கேன். முன்னால ஒரு பயலச் சம்பளத்துக்குப் போட்டிருந்தோம். அவன் தெரிஞ்சவன் சொந்தக்காரன்னு முன்னபின்ன ஆள உள்ள விட ஆரம்பிச்சுட்டான். எனக்கு அது ஆகாது. வரிசைன்னா வரிசை. 'நீ போடே'ன்னு அனுப்பிட்டேன்.

கையில என்ன ஃபைலு? குடுங்க பாப்போம். ஓ, ஸ்கேனா. ஜி.ஹெச்.ல எடுத்ததா? பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் பண்ணி எடுத்துறணும்னு சொல்லிட்டாக்கும். எந்த டாக்டர் சொன்னது? அந்தப் பொம்பளை டாக்டரா? ஒசரமா, கண்ணாடி போட்டிருப்பாளே, அவளா? சரிதான்.

நல்லா பொறுமையா எடுத்துச் சொன்னாளா? படம் வரைஞ்சு காட்டினாளா? காட்டுவா, காட்டுவா. படம் வரையத் தெரிஞ்சா போதுமா, வயித்தக் கிழிக்கத் தெரிய வேணாமா? நீங்க ஒண்ணு, அண்ணாச்சி. அவ எப்படி டாக்டரானான்னு நினைக்கீங்க? எல்லாம் கோட்டா. அவ வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அவ அப்பன் யாருன்னும் தெரியும். நீங்க இங்க வந்ததுதான் புத்திசாலித்தனம்.

நீங்க எந்த ஊரு? அப்படியா. அந்த ஊர்ல எந்தத் தெரு? கோயிலுக்குக் கிட்டக்கயா, தள்ளியா? சும்மாதான் கேட்டேன். கிட்டக்கன்னா சரி, அப்ப மனசு விட்டுப் பேசலாம்.

எனக்குச் சாதி வித்தியாசம் கிடையாது, பாத்துக்கிடுங்க. முப்பத்தஞ்சு வருஷமா எல்லாப் பயலுவளுக்கும்தான் பாடம் எடுத்திருக்கேன். நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு, தகுதி. இருக்கவன் மேல வரட்டும், இல்லாதவன் வயக்காட்டப் பாக்கட்டும். இதச் சொன்னா என்னைய 'சாதி பாக்கவன்'ங்கானுவ. இந்த நாட்டுல இன்னிக்குத் தகுதியப் பத்திப் பேசுதவனுக்குத்தான் கெட்ட பேரு.

என் விஷயத்தையே எடுத்துக்கிடுங்க. எனக்கு எந்தக் கோட்டா இருந்துச்சு? ஒரு சவமும் கிடையாது. பி.எஸ்சி., பி.எட். முடிச்சேன். எங்க மாமனார்தான் அப்ப ஸ்கூலுக்கு செகரெட்டரி. எங்க ஆளுங்க சேர்ந்து ஆரம்பிச்ச ஸ்கூலு அது. சம்பளம் கவர்மெண்டு குடுக்கும், ஆள நாங்க போட்டுக்கிடுவோம். பொண்ணு பாக்கப் போனோம். பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கவும் மாமனார் எங்கப்பாட்ட, 'கெமிஸ்ட்ரியில ஒரு இடம் இருக்கு, மாப்பிள்ளை திங்கக்கிழமையே வந்து சேர்ந்துரட்டும்'னு சொல்லிட்டாரு. எம்.எஸ்சி. அப்புறமா தபால்ல படிச்சுக்கிட்டேன். என்ன சிரிக்கீங்க? அது சிபாரிசு கிடையாது அண்ணாச்சி, சம்பந்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்லா?

இருங்க, உங்களுக்கு இந்தக் கோட்டாக்காரனுவளப் பத்தி ஒரு சங்கதி சொல்லுதேன். என் பிள்ளை டாக்டராகாமப் போயிருப்பான், தெரியுமா? ஒருத்தன் கெடுக்கப் பாத்தான்.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில பிராக்டிகலுக்கு ஐம்பது மார்க்கு. அப்ப நீட் கீட்டெல்லாம் வரல. பிளஸ் டூ மார்க்க வச்சுத்தான் டாக்டர் சீட்டு. எழுத்துப் பரிச்சையில எந்தப் பய திருத்துதான்னு தெரியாது, அது நம்ம கையில இல்ல. பிராக்டிகல் அப்படியில்ல. வேற ஸ்கூல்ல இருந்து ஒரு வாத்தியார் எக்ஸ்டர்னலா வருவாரு. நம்ம ஸ்கூல் வாத்தியார் இன்டர்னல். ரெண்டு பேரும் சேர்ந்து மார்க் போட்டுக் கையெழுத்துப் போடணும். வாற மனுசன நாம எப்படிக் கவனிக்கோமோ அப்படி மார்க்கு.

நான் எப்படிக் கவனிப்பேன்னு கேளுங்க. மத்த ஸ்கூல்ல ஓட்டல் சாப்பாடு வாங்கிக் குடுப்பானுவ. நான் நேரா என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். தலைவாழை இலை, என் வீட்டுக்காரி பகவதி கையால சொதி. முதல் தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பு போட்டு, தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். நாகர்கோவில்ல இருந்து வந்த ஒரு எக்ஸ்டர்னல் மூணாவது தடவை சோறு வாங்கினாரு. சாப்பிட்டுட்டு லேப்புக்கு வந்தா மனுசனுக்குக் கண்ணு சொக்கும். ஒவ்வொரு பையன் பேரா வாசிப்பாரு, என் முகத்தப் பாப்பாரு. நான் தலைய ஆட்டினா ஐம்பது. சும்மா இருந்தா நாப்பது. நெத்தியச் சொறிஞ்சா அதுக்கும் கீழ. வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவ்வளவு நேர்த்தியா நடக்கும்.

ஏ சங்கரி, வந்துட்டியா? போம்மா, நேரா உள்ள போய் உட்காரு, இப்ப வந்துருவான். நம்ம அத்தான் மக, அண்ணாச்சி. காலையில இருந்து தலைவலியாம், பாவம். வரிசைதான், நான் இல்லங்கல. இது வீட்டு ஆளு.

எங்க விட்டேன்? நெத்தி. முனியராஜ்னு ஒரு பய. அவன் படிச்சது கோமதி பிறக்கதுக்கு முன்னால. காலனியில இருந்து வருவான். படிப்பான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன்ட்ட ஒரு பழக்கம். கிளாஸ்ல எந்திரிச்சு, 'சார், போர்டுல சமன்பாடு தப்பா இருக்கு'ம்பான். தப்பாத்தான் இருந்துச்சு. அதுக்காக எந்திரிச்சு நின்னு சொல்லணுமா? எங்க ஆளுங்க பிள்ளைங்க இருக்கானுவ, அவனுவளுக்கும் தெரியும், ஒருத்தன் வாயத் திறப்பானா? அது வளர்ப்பு.

பிராக்டிகல் அன்னிக்கு அவன் எல்லாருக்கும் முன்னால முடிச்சுட்டான். உப்ப என்னன்னு சரியாக் கண்டுபிடிச்சு எழுதியிருந்தான். எக்ஸ்டர்னல் அவன் பேர வாசிச்சாரு. நான் நெத்தியச் சொறிஞ்சேன். அவரு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்தாரு. நல்லா அழுத்திச் சொறிஞ்சேன். இருபத்தெட்டு போட்டாரு. அவ்வளவுதான். சரியான பதில் எழுதிட்டா மட்டும் போதுமா, ஒரு பவ்யம் வேணாமா மனுசனுக்கு? அந்தப் பய டாக்டருக்குத்தான் ஆசைப்பட்டானாம். மயிரிழையில போச்சு. கோட்டா இருந்தும் போச்சுன்னா பாத்துக்கிடுங்க, அவன் லட்சணம் என்னன்னு. அப்புறம் அதே கோட்டாவுல ஒரு காலேஜுல கெமிஸ்ட்ரி படிச்சு, கவர்மெண்டு ஸ்கூல்ல வாத்தியாராயிட்டான்.

சவத்த விடுங்க. அவன நான் மறந்தே போயிட்டேன்.

கோமதி பிளஸ் டூ வந்தான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பிறந்த ஒரே பிள்ளை. டாக்டராக்கணும்னு தொட்டில்லயே முடிவு பண்ணியாச்சு. அவனுக்கு எங்க ஸ்கூல்லதான் படிப்பு. அந்த வருஷம் பூரா அவன லேப்புக்குள்ளயே விடல நான். ஆசிட் கீசிட் கையில பட்டுட்டா? 'நீ புஸ்தகத்தப் பாரு, பிராக்டிகல அப்பா பாத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டேன். எந்த மேசையில எந்த உப்பு வைக்கப் போறேன்னு எனக்குத் தெரியும்லா? 'ஒனக்கு லெட் நைட்ரேட், வெள்ளையா இருக்கும், இன்ன இன்ன டெஸ்டு, இன்ன இன்ன விடை'ன்னு உருப்போட வச்சேன். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். என்ன ஞாபக சக்திங்கீங்க! அதுதான் ரத்தத்துல வரணும்கது.

பரிச்சை அன்னிக்குக் காலையில பகவதி விடிய முன்னயே எந்திரிச்சுத் தேங்காய் துருவ ஆரம்பிச்சுட்டா. நான் நெத்தியில திருநீறு பூசிட்டு லேப் வாசல்ல நிக்கேன். ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்குதான். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட பூட்ஸு. 'வணக்கம் சார், நான் முனியராஜ். இன்னிக்கு எக்ஸ்டர்னல்'ங்கான்.

நான் சட்டுனு கோமதி எங்க நிக்கான்னு திரும்பிப் பாத்தேன் அண்ணாச்சி. பிள்ளை வாழ்க்கை இல்லையா? ஆனாலும் நான் சமாளிச்சேன். முதல்ல சொதிப் பிரச்சனை. இவன எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? எனக்கு ஒண்ணும் கிடையாது, பகவதி பூஜை புனஸ்காரம்னு இருக்கவ, அவளுக்குக் கஷ்டமா இருக்கும். 'வீட்டுல உடம்புக்கு முடியலப்பா'ன்னு சொல்லி, ஓட்டல்ல சாம்பார் சாதம் பார்சல் வாங்கிட்டு வரச் சொன்னேன். அப்புறம் பகவதியே என்னையக் கேட்டா, 'பிள்ளைக்காக ஒரு இலை போட்டா நீங்க என்ன தேஞ்சா போயிருவீங்க? என்னைய எதுக்குச் சீக்காளியாக்குனீங்க?'ன்னு. பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? இன்னிக்கு இலை போடுவோம், நாளைக்கு அவன் நம்ம வீட்டுல பொண்ணு கேப்பான்.

பரிச்சை தொடங்க முன்ன காப்பி குடுக்கணும்லா. காப்பி எங்க வீட்டுல இருந்து ஃபிளாஸ்க்ல வரும், கூடவே ரெண்டு எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளர் என் மாமியா வீட்டுச் சீர். யோசிச்சேன். சட்டுனு ஒரு வழி தோணுச்சு. அலமாரியத் திறந்து, ஒரு தடவகூடப் பயன்படுத்தாத புது பீக்கர், பளபளன்னு கண்ணாடி, அத எடுத்துத் தண்ணியில அலசி, அதுல ஊத்திக் குடுத்தேன். எவர்சில்வரவிடக் கண்ணாடி ஒசத்திதான? நான் டம்ளர்ல குடிச்சேன்.

அவன் அந்தப் பீக்கர வாங்கிப் பாத்தான். என் டம்ளரப் பாத்தான். எந்திரிச்சுப் போய் சிங்க்ல காப்பிய ஊத்திட்டு, பீக்கர நல்லா கழுவிக் கவுத்து வச்சான். 'லேப் பாத்திரத்துல எதையும் குடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க'ங்கான். எவ்வளவு கொழுப்பு பாருங்க! ஒருத்தன் மனசார ஒண்ணு குடுத்தா அத வாங்கிக் குடிக்கத் தெரிய வேணாம்? இதுக்குத்தான் இவனுவளக் கிட்டக்க சேக்கக் கூடாதுங்கது.

அடுத்தாப்புல இன்னொரு வேலை பண்ணினான். மேசை மேல நான் எடுத்து வச்சிருந்த உப்பையெல்லாம் பாத்துட்டு, 'மாத்தி வச்சுருவோம் சார்'னு இங்க இருந்தத அங்க, அங்க இருந்தத இங்கன்னு கலைச்சுட்டான். பயலுவ வெளிய வரிசையில நிக்கானுவ. கோமதிக்கு எப்படிச் சொல்லுதது? ஜன்னல் வழியா கைய ஆட்டுதேன், அவன் குனிஞ்சு மனப்பாடம் பண்ணிட்டு இருக்கான். கடமை தவறாத பிள்ளை.

கோமதிக்கு என்ன உப்பு விழுந்துச்சுன்னு நினைக்கீங்க? மயில்துத்தம். காப்பர் சல்பேட். பளிச்சுனு நீலம். ரோட்டுல போறவன்கூடச் சொல்லிருவான். என் பிள்ளை அத முன்னால வச்சுக்கிட்டு, 'நிறம்: வெள்ளை'ன்னு எழுதிட்டான். இந்த டெஸ்டு செஞ்சேன், மஞ்சளா வீழ்படிவு வந்துச்சு, சூடாக்கினேன், ஆற வச்சேன், தங்கத் துகள் மாதிரி மின்னுச்சு, ஆகவே இது லெட் நைட்ரேட்டுன்னு முத்து முத்தான கையெழுத்துல எழுதி முடிச்சுட்டான். ஒரு டெஸ்ட் டியூபக்கூட நனைக்கல. பதட்டம் அண்ணாச்சி. அப்பா சொன்னது ஒண்ணு, கண்ணு பாக்கது ஒண்ணுன்னா நல்ல பிள்ளை எத நம்பும்? அப்பா சொன்னதத்தான நம்பும்?

முனியராஜ் அந்தத் தாள வாசிச்சான். உப்பப் பாத்தான். திரும்ப வாசிச்சான். இந்த இடத்துல ஒரு நல்ல மனுசனா இருந்தா என்ன பண்ணியிருக்கணும்? வாத்தியார் பிள்ளை, சின்னப் பையன்னு கண்ண மூடிட்டுப் போட்டிருக்கணும். முப்பது வருஷமா எத்தனை எக்ஸ்டர்னல் போட்டிருக்காரு! இவனுக்குத்தான் பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பு. 'சார், தம்பி பதட்டத்துல எழுதிட்டாப்ல இருக்கு. மத்தவங்க போகட்டும். தம்பி இன்னொரு தடவை செய்யட்டும், நான் இருக்கேன். சரியாச் செஞ்சா முழு மார்க் போட்டுருவோம்'ங்கான்.

எல்லாரும் போனாங்க. கோமதி நின்னான். அடுப்ப எப்படிப் பத்த வைக்கதுன்னு தெரியல. எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரியல. டெஸ்ட் டியூபக் கையில பிடிச்சுக்கிட்டு என்னையவே பாக்கான். முனியராஜ் பக்கத்துல போய், 'இந்த உப்பு என்ன நிறம் தம்பி, அத மட்டும் முதல்ல சொல்லு'ன்னு மெதுவாத்தான் கேட்டான். கோமதி ஓன்னு அழுதுட்டான். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அப்பா என்னைய உள்ள விட்டதே இல்ல'ங்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! ஊரான் முன்னால, அதுவும் இவன் முன்னால. முனியராஜ் தன் கர்ச்சீப்ப எடுத்துக் குடுத்து, 'நீ வெளிய போய் முகத்தக் கழுவு'ன்னு அனுப்பிட்டான். அந்தக் கர்ச்சீப்ப நான் அன்னிக்கே வெளிய தூக்கிப் போட்டேன்.

அப்புறம் நானும் அவனும் மட்டும். இந்த வாயால, அண்ணாச்சி, அவனப் போய் 'சார்'னு கூப்பிட்டேன். பிள்ளைக்காக. 'சார், என் ஒரே பிள்ளை. நீங்க எழுதுததுலதான் இருக்கு'ன்னேன்.

அவன் கோமதி எழுதின தாள எடுத்து உப்புக்குப் பக்கத்துல வச்சான். அப்புறம், 'ஒண்ணு கேக்கேன் சார், உண்மையச் சொல்லுங்க. எனக்கு ஏன் இருபத்தெட்டு?'ன்னான். எத்தனை வருஷம் முன்ன நடந்தது! அத மனசுல வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கான் பாருங்க. வன்மம்னா இதுதான் வன்மம். 'உப்பு சரியாத்தான் கண்டுபிடிச்சேன். டைட்ரேஷன் சரி. ரெக்கார்டு நோட்டும் சரி. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தேடித் தேடிப் பாத்துட்டேன். நம்ம கையில ஏதோ குறை இருக்குன்னே ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன் சார். எங்கம்மாட்ட மார்க் ஷீட்டக் காட்டவே இல்ல'ன்னான்.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. நல்லபடியாவே சொன்னேன். 'ஒனக்குத்தான் கோட்டா இருக்கேப்பா. ஒனக்கு எதுக்கு மார்க்கு? எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடையாது, மார்க்கு ஒண்ணுதான் கதி. அதான் அவனுவளுக்கு நாங்களாப் பாத்துப் போடுவோம். ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல'ன்னேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க? கவர்மெண்டு அவங்களுக்கு ஒதுக்குது, நாங்க எங்களுக்கு ஒதுக்கினோம்.

அதக் கேட்டு அவன் சிரிச்சான். நல்லா இல்ல அந்தச் சிரிப்பு. மார்க் தாள எடுத்து என் முன்னால நகட்டி வச்சான். பேனாவத் திறந்து குடுத்தான். 'நீங்களே போடுங்க சார்'ங்கான். எனக்குப் புரியல. 'நான் கம்மியாப் போட்டா, என் சாதியச் சொல்லித்தான் சாகுறவரைக்கும் ஏசிட்டுத் திரிவீங்க. தம்பி செஞ்சது என்னன்னு நீங்களும் பாத்தீங்க. அந்த உப்பு இந்தா இருக்கு, அவன் எழுதின தாளு இந்தா இருக்கு. ரெண்டையும் பாத்துட்டு, இது எவ்வளவு பெறும்னு உங்களுக்குத் தோணுதோ அதப் போடுங்க. நீங்க எத எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுதேன். பேச்சு மாற மாட்டேன்'னான்.

மேசையில அந்த நீலம், பக்கத்துல பிள்ளையோட தாளு. அவன் என் கையவே பாத்துட்டு நிக்கான். எதுக்குப் பாத்தான்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. எதையோ எதிர்பாத்தான். நான் ஒரு நொடி யோசிக்கல, அண்ணாச்சி. ஐம்பது போட்டேன். பின்ன என்ன போடுவேன்? ஐம்பதுன்னு எண்ணுல எழுதி, எழுத்தாலயும் எழுதி, அடியில கோடும் போட்டேன்.

அவன் தாள எடுத்துப் பாத்தான். முகம் செத்துப்போச்சு அவனுக்கு. கையெழுத்துப் போட்டான், பேனாவ மூடினான், பார்சல் சாப்பாட்டப் பிரிக்காம அப்படியே மேசை மேல வச்சுட்டு மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். அதுல ஒரு திமிரு பாத்தீங்களா? சோத்தக் கூட மதிக்கல.

வீட்டுக்கு வந்தா கோமதி ஒரு பக்கம். 'நான் டாக்டருக்குப் படிக்கல, அந்த சார்ட்டப் போய் மன்னிப்புக் கேக்கணும்'ங்கான். ஒரு அறை விட்டேன். அதோட சரியாப்போச்சு. கட் ஆஃப் சரியா வந்து நின்னுச்சு. ஒரு மார்க் கொறைஞ்சிருந்தாலும் சீட்டு இல்ல. அஞ்சு வருஷத்துல முடிக்க வேண்டியது, மெடிக்கல் காலேஜுல உள்ளவனுவ பொறாமையில ஒண்ணு ரெண்டு பேப்பர நிப்பாட்டி, கொஞ்சம் இழுத்துச்சு. இன்னமும் ஊசி போடும்போது கை லேசா நடுங்கும், அதுக்கு நர்ஸ் இருக்கா. எந்த நோயாளி வந்தாலும் 'நீங்க எதுக்கும் ஜி.ஹெச்.ல காட்டிருங்க'ன்னு சொல்லுவான், கூறுகெட்ட பய. என்னையப் போல தைரியம் கிடையாது. நான்தான் இங்கன உட்கார்ந்து, அப்படியெல்லாம் போக வேணாம்னு ஆளுங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு.

சரி, முனியராஜுக்கு வருவோம். இப்ப நீங்க சொல்லுங்க. தப்பான மார்க்குன்னு தெரியுது. உப்பு கண்ணு முன்னால இருக்கு. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டானே, அவனெல்லாம் ஒரு வாத்தியாரா? அவன் இடத்துல நான் இருந்திருந்தா போடுவேனா? கழுத்த அறுத்தாலும் போட மாட்டேன். ஒண்ணுமே தெரியாத ஒரு பயலுக்கு ஐம்பதுக்கு ஐம்பது, நாளைக்கு அவன் டாக்டராயி நாலு பேரு வயித்துல கைய வச்சா யாரு பொறுப்பு? அந்தப் பயம் வேணாம் ஒரு மனுசனுக்கு? இதுதான் அண்ணாச்சி நான் சொல்ல வந்தது. தரம்னா என்னன்னே தெரியாத ஆளுங்க. அவங்கள உள்ள விட்டா இப்படித்தான் நாடு கெட்டுப் போகும்.

இந்தா, டாக்டர் எப்பவோ இறங்கிட்டான் போல, ரூம்ல இருந்து எட்டிப் பாக்கான். என்ன கோமதி, சங்கரியப் பாத்துட்டியா? சரி, அப்ப அடுத்தது இவரு. பித்தப்பையில கல்லாம், அந்தப் பொம்பளை ஆபரேஷன்னு பயங்காட்டி விட்டிருக்கா. நீயே ஒரு மாத்திரை எழுதிக் குடு. எந்திரிங்க அண்ணாச்சி. ஏன் இப்படி வேர்க்கு உங்களுக்கு? ஃபைல இவ்வளவு அழுத்தமாவா பிடிக்கது, கசங்கிருமே. பயப்படாதீங்க. எங்க போறீங்க? ரூம் இந்தப் பக்கம். அண்ணாச்சி, அது தெருவுக்குப் போற வாசல்!